இருபது பேர் சேர்ந்து தைத்த போர்வை



சுகவீனமாயிருக்கிற ஒருவரைப் பார்க்கப் போகையில் கையில் என்ன கொண்டுபோவது என்ற கேள்வி நம் எல்லாருக்கும் வருகிறது. நம்முடைய பழக்கம் ஆரஞ்சும் ஆப்பிளும் ரொட்டிப் பாக்கெட்டும்தான். கட்டிலோரத்துச் சிறு அலமாரி இரண்டே நாளில் நிறைந்துவிடும். பாதிப் பழத்தைச் சர்க்கரை வியாதிக்காரர் தொடமுடியாது, மீதிப் பாதியைப் பார்க்க வந்தவர்களுக்கே உரித்துக் கொடுத்தாகும். அன்பில் குறையில்லை, பொருள்தான் உதவாமல் போகிறது. அமெரிக்க தேசத்துப் பெண்கள் இதற்கு வேறொரு பதில் வைத்திருக்கிறார்கள். நோயுற்ற சிநேகிதிக்கு அவர்கள் பலர் கூடிப் போர்வை தைக்கிறார்கள். எப்படித் தைக்கிறார்கள், ஏன் அப்படித் தைக்கிறார்கள் என்பதை இம்முறை கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

அவர்கள் தைப்பதற்குக் குவில்ட் என்று பேர். மேலே பல துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவிலே மெல்லிய பஞ்சுத் தகடு, கீழே ஒரே துணியாலான அடிவிரிப்பு, இம்மூன்றும் நகராதபடி ஊடுருவிப் போகிற தையல். நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக மடித்துப் பிள்ளைகளுக்கு விரிப்புத் தைத்ததற்கு இது உறவு. வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கவுதியும் அதே குடும்பம்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கட்டில் விரிப்புகளாயின. அவற்றிலிருந்த பூவையும் பறவையையும் கத்தரித்து வேறு துணியில் ஒட்டித் தைத்துக்கொண்ட பெண்களும் உண்டு. எனவே இது நமக்கு முழுக்க அந்நியமான சங்கதி என்று சொல்லிவிட முடியாது.

முன்காலத்தில் குளிருக்காகத் தைத்தது, இக்காலத்தில் பெரும்பாலும் பொழுதுபோக்காகிவிட்டது. ஊருக்கு ஊர் குவில்ட் சங்கங்கள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை சபை மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ கூடி, தைத்ததைக் காட்டி, துணி மாற்றிக்கொண்டு, காப்பி குடித்துப் போவார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, நர்ஸ், பண்ணை வீட்டம்மாள், வங்கிக் குமாஸ்தா என்று பலவகையினர். வேறெந்த வகையிலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் இருபது வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்குப் புற்றுநோய் என்று ஒரு மாதம் செய்தி வருகிறது. அடுத்த கூட்டத்திற்கு அவள் வரவில்லை.

இத்தகைய சமயத்தில் ஒருத்தி பொறுப்பெடுத்துக்கொள்கிறாள். மற்ற எல்லாருக்கும் சொல்லியனுப்புகிறாள்: ஆளுக்கு ஒரு சதுரம், இன்ன அளவு, இன்ன நிறங்கள், இந்தத் தேதிக்குள். சதுரங்கள் வந்து சேர்ந்ததும் இணைக்கிறார்கள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அங்குலம் என்றால் நான்கு வரிசைக்கு ஐந்தாக இருபது சதுரத்தில் 48 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள போர்வை கிடைத்துவிடும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் மடியிலிருந்து பாதம் வரை மூடிக்கொள்ள அது போதும். சக்கர நாற்காலியிலும் அடக்கி மடித்துவிட்டால் தரையில் இழுபடாது.

சதுரம் என்ற ஏற்பாட்டில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. ஒரே போர்வையில் இருபது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தைக்க இயலாது, இருபது வீடுகளில் இருபது சதுரம் ஒரே வாரத்தில் தைக்கலாம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஒருத்தி தைப்பாள், வேலை முடிந்து வந்து ஒருத்தி தைப்பாள். ஆனால் அளவு தவறக்கூடாது. பன்னிரண்டு அங்குலச் சதுரத்தைப் பன்னிரண்டரை அங்குலமாகவே முடிக்கவேண்டும், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் மறைந்துபோகும் என்பதால். உள்ளே நான்கு துண்டு பக்கத்தில் பக்கமாக இருந்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாக மடிந்தாலும், சதுரம் கால் அங்குலத்துக்கு மேல் சுருங்கி நிற்கும். பக்கத்துச் சதுரத்தோடு சேராது.

இருபது பேரில் நாலு பேருடையது நிச்சயம் சேராது. பெரியதை வெட்டலாம், அதற்குள் நுனியிலிருந்த நட்சத்திரத்தின் முனை போய்விடும். சிறியதாயிருந்தால் சுற்றிலும் ஒரு பட்டித் துணி சேர்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிரித்துப் போட்டுத் தானே மறுபடி நேராகத் தைத்துவிடலாம் என்று பொறுப்பாளருக்குக் கை துறுதுறுக்கும். நல்ல பொறுப்பாளர் அதைச் செய்வதில்லை. அவள் செய்வது சரி என்பதே என் எண்ணமும். கோணலான சதுரத்தைத் தைத்தவள் யாரென்று பெறுகிறவளுக்குத் தெரியும். நேராக்கிவிட்டால் அவளை அந்தப் போர்வையிலிருந்து எடுத்துவிட்டதுபோலத்தான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். நோயுற்றவள் தானும் தைக்கிறவள் அல்லவா? நாம் கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்தே எழுதினவரைத் தெரிந்துகொள்வதுபோல அவள் தையலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். சிறு சிறு தையலாக நெருக்கிப் போடுகிறவள் ஒருத்தி, அவசரக்காரி ஒருத்தி, எதிலும் ஊதா நிறத்தைச் சேர்க்காமல் விடாதவள் ஒருத்தி. இந்தப் பூப்போட்ட துணி நாமிருவரும் சேர்ந்து போன கடையில் வாங்கினது, இந்தக் கோடுபோட்டது அவள் மகளின் சட்டையில் மிஞ்சினது என்று சதுரம் சதுரமாக வாசிப்பாள். மருந்து இறங்குகிற நாலைந்து மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவளுக்குப் புத்தகத்தில் கண் நிற்காது, பேச்சிலும் மனம் ஒட்டாது. துணியை விரலால் தடவிக்கொண்டிருக்க முடியும். பார்க்க வந்தவர்கள் நேரமானதும் எழுந்துபோய்விடுவார்கள், போர்வை இருக்கும்.

தைக்கத் தெரியாதவர்களையும் விட்டுவிடுவதில்லை. வெள்ளைத் துணியில் பேரெழுதிக் கொடுத்தால் போதும். துணி வழுக்கிப் பேனா சரியாய் ஓடாது என்பதற்காக, ஒரு பக்கம் பிளாஸ்டிக் மெழுகிட்ட ஃப்ரீசர் பேப்பர் என்ற காகிதத்தைப் பின்னால் வைத்து இஸ்திரி போடுவார்கள். காகிதம் துணியோடு ஒட்டிக்கொண்டு அட்டைபோல நிற்கும். அழியாத மையால் எழுதி முடித்ததும் காகிதத்தை உரித்துவிட்டு, எழுத்தின்மேல் மறுபடி சூடான இஸ்திரி. கணவன், பேரப்பிள்ளை, அண்டை வீட்டுத் தாத்தா எல்லாரும் அதில் வந்துவிடலாம்.

பேரெழுதுகிற வழக்கம் பழையது. 1840-களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து ஜனங்கள் மாட்டுவண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்தபோது, போகிறவளுக்கு உற்றாரும் தோழியரும் ஆளுக்கொரு சதுரத்தில் கையொப்பமிட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் அநேகர் மறுபடி முகம் பார்க்கவேயில்லை. அதற்குமுன் இருந்த மைகளில் இரும்புச் சத்து அதிகமாயிருந்து நாளடைவில் துணியையே அரித்துவிடும். 1830-களில் துணிக்கேற்ற நல்ல மை கடைகளில் கிடைக்கத் தொடங்கினது இவ்வழக்கம் பரவ ஒரு காரணம். இடம் மாற்றலாகிப் போகிற மெதடிஸ்ட் போதகரின் குடும்பத்துக்கும் சபையார் இப்படிக் கையொப்பப் போர்வை கொடுத்ததுண்டு. நாம் சால்வை போர்த்தி வழியனுப்புகிறோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதரவாளர்களாகிய உங்களுக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும். முதலாம் உலகப் போரின்போது, 1917 டிசம்பரில், 'மாடர்ன் பிரிசில்லா' என்ற பெண்கள் மாத இதழ் ஒரு போர்வையைக்கொண்டு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஆயிரம் டாலர் திரட்டலாம் என்று மாதிரி வெளியிட்டது. சில காசு கொடுக்கிறவர் பேரைச் சிவப்பு நூலால் போர்வையில் எழுத்துத் தையலாகப் போடவேண்டும். ஊர் ஊராகப் பெண்கள் அதைச் செய்தார்கள். நன்கொடையாளர் பட்டியலைத் துணியில் அச்சிட்டதுபோல அப்படிப்பட்ட போர்வைகள் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இனி வியாதியஸ்தரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். புற்றுநோய் மருந்து ஏற்றுகிறபோது பலருக்குக் குளிர் தாங்காது. அறை குளிரூட்டப்பட்டது, ஏறுகிற திரவம் உடம்பின் சூட்டைவிடக் குறைந்தது, இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கும் அப்படியே. இரத்தம் குழாய் வழியாக உடம்புக்கு வெளியே சுற்றித் திரும்புகையில் சூட்டை இழக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே போர்வை உண்டுதான். ஆனால் அது எல்லாருக்குமானது, ஓரத்தில் வார்டு எண் போட்டது. தன் வீட்டுப் போர்வை என்று ஒன்று மடிமேல் இருக்கும்போது அந்த நாற்காலி கொஞ்சம் தனக்குச் சொந்தமாகிறது.

அன்பாய்ச் செய்ததும் தீங்காக முடியக்கூடும் என்பதால் சங்கங்கள் சில காரியங்களில் கண்டிப்பாயிருக்கின்றன. நம்மில் யாராவது இப்படிச் செய்ய எண்ணினாலும் இவை பொருந்தும். புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், சிறு கிருமியும் பெரிய காய்ச்சலாகும். பல புற்றுநோய் வார்டுகளில் பூங்கொத்தும் பூந்தொட்டியும் அனுமதிக்காதது இதனால்தான், தேங்கின தண்ணீரிலும் மண்ணிலும் கிருமி தங்கும். ஆகவே போர்வையை முடித்ததும் துவைத்து, நன்றாய் உலர்த்தி, சுத்தமான பைக்குள் கட்டிக் கொடுக்கிறார்கள். அத்தர், வாசனைத் திரவம் எதுவும் கூடாது. மருந்தின் குமட்டலில் இருக்கிறவருக்கு மல்லிகை வாசனைகூட வாந்தியை வரவழைக்கும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை போன்ற தனியறைகளில் வைக்கலாமா என்று முன்னதாகவே நர்ஸம்மாவைக் கேட்டுவிடுவது நல்லது.

துணி பருத்தியாயிருக்கட்டும். மருந்தால் தோல் மென்மையாகி, கம்பளி குத்தும். பொத்தான், மணி, ஜரிகை வேண்டாம். படுத்தேயிருப்பவருக்கு ஒரு பொத்தானும் உறுத்திப் புண்ணாக்கும். கனமும் கூடாது. நமக்கு ஒன்றுமில்லாத எடை, எடுத்துப் போர்த்த வலுவில்லாதவருக்கு மலை. சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், முதலிலேயே தனியே நனைத்துப் பார்க்கவேண்டும். கடைசியாகக் குண்டூசி. இருபது பேர் கைபட்ட போர்வையில் ஒரு ஊசியாவது மறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே தேடவேண்டும். மேசைமேல் விரித்துக் காந்தத்தை அங்குலம் அங்குலமாய் நகர்த்திப் பார்ப்பார்கள், பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தடவுவார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான காரியம் காலம். கையால் நுணுக்கமாகத் தைக்கிற பெரிய குவில்ட் முடிய மாதக்கணக்காகும், வருஷமும் ஆகும். பெரிய மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுற்றிலும் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து தைத்த பழைய குவில்டிங் கூட்டங்கள் அந்தக் காலத்தைச் சுருக்கத்தான் ஏற்பட்டன. நோய் அவ்வளவு காத்திராது. பொழுதுபோக்காகத் தைக்கிறவர்களுக்கு இங்கேதான் சோதனை. கண்காட்சிக்குப் போகத்தக்க வேலைப்பாடு செய்யத் தெரிந்தவள், சிநேகிதிக்கு அதற்குக் குறைந்ததைக் கொடுக்க மனம் ஒப்பமாட்டாள். இன்னும் ஒரு சுற்றுப் பூவேலை, இன்னும் ஒரு கரை என்று நாள் போகும். தேர்ந்த சங்கங்கள் போர்வை எப்போது முடியும் என்று கேட்டுத் தேதி வைப்பதில்லை. அவளுக்கு அடுத்த மருந்து எந்த நாள் என்று கேட்டு, அதற்கு முந்தின வாரத்தைத் தேதியாக வைக்கின்றன. அதற்குள் எது முடியுமோ அதுவே மாதிரி.

அதற்கு ஒரு சுலப வழியும் உண்டு. முழுக்கத் தைக்காமல், நாலைந்து அங்குலத்துக்கு ஒரு இடத்தில் கெட்டி நூலை ஊடுருவவிட்டு இரட்டை முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவது. ஆறு பேர் உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அழகு குறைவு, உறுதி உண்டு. லுத்தரன் சபைப் பெண்கள் 1945-இல் ஏற்பட்ட லுத்தரன் உலகத் துயர்துடைப்பு ஸ்தாபனத்தின் வழியாகப் போராலும் பூகம்பத்தாலும் வீடிழந்தவர்களுக்கு அனுப்பிவந்த போர்வைகளில் மிகுதியானவை இப்படி முடிச்சிட்டவைதான். 60-க்கு 80 அங்குலம் என்ற அளவில், கையிலிருந்த எந்தத் துணியாலும். சில சங்கங்களில் முடிச்சுப் போடும்போது அவளுக்காக ஜெபித்துக்கொண்டே போடுகிறார்கள். தையல்கூட்டங்களுக்குத் தொற்காள் சங்கம் என்று பேர் வைத்த சபைகள் அநேகம், யோப்பா பட்டணத்து விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டின உடைகளை நினைத்து.

துணி தைக்கத் தெரியாத கூட்டங்கள் வேறு விதமாய்ச் செய்கின்றன. 1998-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் இறையியல் கல்லூரியில் பயின்ற இரண்டு பெண்கள் ஜெபச் சால்வை என்ற ஊழியத்தைத் தொடங்கினார்கள். மூன்று மூன்று கண்ணியாக மாறி மாறிப் பின்னுகிற எளிய சால்வை, பின்னும்போது பெறப்போகிறவருக்காக ஜெபம். அது பல சபைகளுக்குப் பரவிற்று. ஜப்பானியர் ஆயிரம் காகிதக் கொக்கு மடித்து நூலில் கோத்துக் கொடுப்பார்கள். வகுப்புத் தோழரோ அலுவலகத்தாரோ பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கு இத்தனை என்று மடிப்பதுண்டு. ஹிரோஷிமா குண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்த சடாகோ சசாகி என்ற சிறுமி 1955-இல் இரத்தப் புற்றுநோயால் ஆஸ்பத்திரியில் கிடந்து, கொக்கு மடித்துக்கொண்டிருந்தாள். அவ்வருஷம் அக்டோபர் 25-இல் மரித்தாள். வகுப்புத் தோழர்கள் தொடங்கின முயற்சியால் 1958-இல் அங்கே சிறுவர் சமாதான நினைவுச் சின்னம் எழும்பிற்று. ஜப்பானில் வியாதியஸ்தருக்கு வேரோடு உள்ள தொட்டிச் செடி மட்டும் கொண்டுபோகமாட்டார்கள். 'வேர்விடுதல்' என்ற அவர்கள் சொல் 'படுக்கையிலேயே தங்கிவிடுதல்' என்பதுபோல ஒலிக்குமாம்.

திரும்பப் போர்வைக்கு வருகிறேன். கொடுக்கிற விதத்திலும் கவனம் வேண்டும். இருபது பேரும் ஒன்றாய்ப் போய் நின்றால், தலைமுடி உதிர்ந்து களைத்திருக்கிறவள் இருபது பேருக்கும் சிரித்தாகவேண்டும். ஒருத்தியோ இருவரோ போவார்கள். சிலர் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதும் உண்டு. நன்றிக் கடிதம் எழுதவேண்டாம் என்று ஒரு சீட்டும் வைப்பார்கள், இருபது கடிதம் எழுதுவது அவளுக்கு எவ்வளவு பாரமென்று தெரிந்ததால். பின்பக்க மூலையில் ஒரு துணிச் சீட்டுத் தைத்திருக்கும்: யாருக்கு, யாரிடமிருந்து, எந்த மாதம், எந்த வருஷம், எப்படித் துவைப்பது. பத்திரமாகப் பீரோவில் வைக்காதே, காப்பி சிந்தினால் சிந்தட்டும், என்றும் சில சங்கங்கள் அதில் எழுதுகின்றன. நல்ல பொருளை எடுத்துவைத்துவிட்டுப் பழசைப் போர்த்திக்கொள்கிற சுபாவம் அங்கேயும் இருக்கிறது போலும்.

சிலருக்குத் தானும் ஒரு சதுரம் தைத்துச் சேர்க்க ஆசை வரும். சில மருந்துகள் விரல் நரம்பை மரக்கச் செய்துவிடும், ஊசி பிடித்திருப்பதே தெரியாது. அப்படியானால் நிறத்தை அவளே தெரிந்துகொள்வாள், யாராவது தைப்பார்கள்.

முந்திக்கொள்ள முடியாமலும் போகிறது. சதுரங்கள் பாதி சேர்ந்திருக்கையில் மரணச் செய்தி வந்தால் என்ன செய்வதென்று ஒவ்வொரு சங்கமும் ஒருநாள் முடிவுசெய்யவேண்டியதாகிறது. பெரும்பாலோர் முடித்து, கணவனுக்கோ பிள்ளைக்கோ கொடுக்கிறார்கள். சில வீடுகளில் அடக்கத்தின்போது பெட்டியின்மேல் அதை விரித்து, பிறகு எடுத்து மடித்து வைத்துக்கொள்கிறார்கள். அவள் வீட்டு அலமாரிகளில் மடித்து வைத்திருந்த துணிகளை என்ன செய்வதென்று குடும்பத்தாருக்குத் தெரியாது, அநேகமாய்ச் சங்கத்துக்கே கொடுத்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் மேசைமேல் பரப்பி ஆளுக்குக் கொஞ்சமாய் எடுத்துக்கொள்வார்கள். அடுத்து யாருக்குச் சதுரம் தைக்க நேர்கிறதோ, அதில் அந்தத் துணி இருக்கும்.